ரொபெர்ட்டோ கிளெமென்ட்டேயின் 19 கார்டுகள்

பழைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை) சேர்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: ஒரு ஆட்டக்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டு வரை தேடுங்கள். ஒரு வருடத்து செட் முழுவதையும் சேர்ப்பது என்று இறங்கினால் மூச்சு வாங்கிவிடும். டாப்ஸ் என்ற கம்பெனியின் 1952 செட்டில் மட்டும் 407 கார்டு. அதில் 311ஆம் எண் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். அதன் மிக நல்ல பிரதி ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, இது நமக்கு இல்லை என்று ஒதுங்கியவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஆற அமரச் சேர்க்கக்கூடிய விஷயம்தான் இது.

நான் இருப்பது பிட்ஸ்பர்க். கிரிக்கெட்டோடு வளர்ந்தவன். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு பெயர் எங்கே போனாலும் கண்ணில் பட்டது. அலெகெனி ஆற்றின் மேல் ஒரு மஞ்சள் பாலம், கிளெமென்ட்டே பாலம். பாலத்தைத் தாண்டினால் இந்த ஊர் பேஸ்பால் அணியான பைரட்ஸின் மைதானம். வாசலில் கிளெமென்ட்டே சிலை. உள்ளே ரைட் ஃபீல்ட் என்கிற வலப்பக்க எல்லைச் சுவரின் உயரம் 21 அடி, அது அவருடைய சட்டை எண். லாரன்ஸ்வில் பகுதியில் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் அவருக்கென்றே ஒரு அருங்காட்சியகம். யார் இவர் என்று விசாரிக்கப் போய்த்தான் கார்டுக்குள் வந்தேன்.

ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே 1934ல் புவெர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் பிறந்தவர். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, கீழ்நிலை அணியான மான்ட்ரியலில் வைத்திருந்தது. 1954 நவம்பரில் பைரட்ஸ் வெறும் 4,000 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொண்டது. 1955 முதல் 1972 வரை 18 வருடம், ஒரே அணி. நான்கு முறை லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம். ரைட் ஃபீல்டில் நின்று பந்தை எறிவதில் அவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்ல இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் யோசிப்பார்கள். 1972 செப்டம்பர் 30 அன்று தன்னுடைய 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைச் சேர்வது) அடித்தார். அந்த டிசம்பரில் நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் நிலநடுக்கம். நிவாரணப் பொருள்கள் உரிய மக்களுக்குப் போய்ச் சேரவில்லை, வழியிலேயே பறிபோகின்றன என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போனால் கை வைக்க மாட்டார்கள் என்று புறப்பட்டார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருந்த நிவாரண விமானம் அவரோடு சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 38.

டாப்ஸ் கம்பெனியின் வழக்கமான வருடாந்தர செட்டுகளில் அவருக்கு 1955 முதல் 1973 வரை வருடத்துக்கு ஒன்றாக 19 கார்டுகள். கடைசிக் கார்டு அவர் இறந்த பிறகு வந்தது. ஆண்டுவாரியாக மேசையில் பரப்பினால் முதலில் கண்ணில் படுவது முகம் அல்ல, பெயர். 1955லும் 1956லும் ‘ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே’ என்று இருக்கிறது. 1957ல் அது ‘பாப் கிளெமென்ட்டே’ ஆகிவிடுகிறது; ரொபெர்ட்டோவை ஆங்கிலத்தில் ராபர்ட் ஆக்கிச் சுருக்கினால் பாப். 1969 வரை பாப் தான். 1970ல்தான் ரொபெர்ட்டோ திரும்பி வருகிறது. அவர் தன்னை பாப் என்று கூப்பிடுவதை விரும்பியதே இல்லை. என் பெயர் ரொபெர்ட்டோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கறுப்பர், ஸ்பானிஷ் பேசுகிறவர். அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே எழுத்தில் காட்டிக் கேலி செய்த பத்திரிகைகள் உண்டு. அவரை அமெரிக்க ரசிகர்களுக்குத் தோதான ஆளாக்கும் வேலையில் இந்தப் பெயர் மாற்றமும் ஒன்று. 1966ல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். அடுத்த வருடத்துக் கார்டிலும் பாப் தான். அவர் இறந்தபின் 1973ல், சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் வைத்த தகட்டிலும் அப்பா வழிப் பெயரையும் அம்மா வழிப் பெயரையும் இடம் மாற்றிப் பொறித்துவிட்டார்கள். அதைத் திருத்திப் புதுத் தகடு வைத்தது 2000ல்.

இதையெல்லாம் ஒரு புத்தகத்தில் படித்திருந்தால் ஒரு வரியாகக் கடந்து போயிருப்பேன். பதிமூன்று வருடத்துக் கார்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, ஒவ்வொன்றிலும் பாப், பாப் என்று படிக்கும்போதுதான் அது எவ்வளவு நீண்ட காலம் என்று உறைக்கிறது. ஒரே ஆட்டக்காரரைச் சேர்க்கச் சொல்வதற்கு என்னுடைய முதல் காரணம் இதுதான்.

சரி, வாங்கும் முறைக்கு வருகிறேன். கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். 1973 கார்டு சுமாரான நிலையில் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். பின்பக்கத்தைப் பாருங்கள்: வருடத்துக்கு ஒரு வரியாக அவருடைய ஆட்டக் கணக்கு, அடியில் மொத்த ஹிட் 3,000. முழு ஆட்ட வாழ்க்கையும் இருக்கும் ஒரே கார்டு அது. அங்கிருந்து பின்னோக்கிப் போனால் விலையும் படிப்படியாக ஏறும், உங்கள் கண்ணும் படிப்படியாகத் தேறும். 1955க்கு வரும்போது அவசரப்பட்டு ஏமாற வாய்ப்புக் குறைவு.

விலை ஏறுவதற்கு வயது மட்டும் காரணம் இல்லை. 1973 வரை டாப்ஸ் கார்டுகளை ஒரே தடவையில் வெளியிடவில்லை. வசந்த காலத்தில் தொடங்கி பகுதி பகுதியாக விடும். கடைசிப் பகுதி கடைக்கு வரும்போது பள்ளிக்கூடம் திறந்து, பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் போயிருப்பார்கள். கடைக்காரர்கள் குறைவாக வாங்குவார்கள். அதனால் பெரிய எண் உள்ள கார்டுகள் பெரும்பாலும் அரிது. 1963 கார்டில் கிளெமென்ட்டேயின் எண் 540, அது கடைசிப் பகுதி. 1962ல் அவர் எண் 10, முதல் பகுதி. ஒரு வருடம்தான் வித்தியாசம், ஆனால் 1963 கார்டைத் தேடி நான் காத்திருந்த அளவுக்கு 1962 கார்டுக்குக் காத்திருக்கவில்லை. எந்தக் கார்டு எந்தப் பகுதியில் வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் வியாபாரி சொல்லும் விலை நியாயமா என்று அங்கேயே கணிக்கலாம்.

எங்கே வாங்குவது? இணையத்தில் எல்லாம் கிடைக்கும். ஆனாலும் முதல் சில கார்டுகளைக் கையில் வாங்கிப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் தீயணைப்பு நிலையக் கூடங்களிலும் தேவாலயக் கூடங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்டு ஷோ நடக்கும். நீள மேசை, வெள்ளை அட்டைப் பெட்டிகள், பின்னால் வயதான வியாபாரிகள். 1962 கார்டை நான் வாங்கியது அப்படி ஒரு கூடத்தில்தான். மரப்பலகை மாதிரி பழுப்புக் கரை போட்ட கார்டு அது. பிளாஸ்டிக் உறைக்குள் பார்த்தபோது கூர்மையான முனைகள், நல்ல வண்ணம். உறையிலிருந்து எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். மேலிருந்து விழும் குழல் விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேராகப் படுக்கவைத்து மெல்லச் சாய்த்தேன். மேல் மூலையிலிருந்து உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு மடிப்புக் கோடு மின்னி மறைந்தது. மை உடையவில்லை, பரப்பு மட்டும் நெளிந்திருந்தது. அவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், இதை நான் கவனிக்கவே இல்லை என்றார், விலையைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டார். கார்டை வாங்குமுன் உறையிலிருந்து எடுக்க அனுமதி கேட்பதும், வேறு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதும் தவறே இல்லை. நல்ல வியாபாரி யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்த வியாபாரி, பைரட்ஸின் பழைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் கிளெமென்ட்டே ஆடியதைத் தன் அப்பாவோடு போய்ப் பார்த்தவர். கார்டை விற்றபின் அரைமணி நேரம் அந்தக் கதைதான். மூன்றாவது பேஸுக்கு ஓடியவனை வேலியோரத்திலிருந்து ஒரே எறியில் எப்படி அவுட் ஆக்கினார் என்று எழுந்து நின்று கையை வீசிக் காட்டினார். ஒரே ஆட்டக்காரரைத் தேடுகிறவன் என்று தெரிந்துவிட்டால் வியாபாரிகள் உங்களை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். என்னிடம் இல்லாத வருடங்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்; அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கிறேன் என்று சொன்னவர்கள் சொன்னபடியே எடுத்தும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அளவு. சின்ன ஸ்கேல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾. 1957ல் அதை 2½க்கு 3½ என்று குறைத்தார்கள், இன்று வரை அந்த அளவுதான். தேய்ந்த முனையைக் கூர்மையாக்க ஓரத்தைச் சீவிவிடும் ஏமாற்று ரொம்பப் பழையது. வெட்டிய கார்டு கொஞ்சம் சிறுத்திருக்கும், வெட்டிய பக்கம் மட்டும் மற்ற மூன்று பக்கத்தைவிடப் புதிதாகத் தெரியும். உலகத்திலேயே பேர்போன கார்டுக்கே இது நடந்திருக்கிறது. ஹோனஸ் வாக்னர், அவரும் பைரட்ஸ் ஆட்டக்காரர். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த வரிசையில் அவர் கார்டும் இருந்தது. வாக்னர் ஒப்புக்கொள்ளாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இன்று எஞ்சியிருப்பது ஐம்பது அறுபதுதான். அதில் மிக அழகானது என்று பெயர் எடுத்த பிரதி 2007ல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரத்தைத் தானே வெட்டியதாக, முன்பு அதை விற்ற வியாபாரி 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

போலியைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்றுதான். எந்த வருடத்துக் கார்டு வாங்கப் போகிறீர்களோ அதே வருடத்தில் பெயர் தெரியாத ஒரு ஆட்டக்காரரின் கார்டை முதலில் வாங்குங்கள். ஒன்றிரண்டு டாலரில் கிடைக்கும். அதைப் போலியாக அடிக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்து அதன் அட்டை, மை, பின்பக்கத்து நிறம் எல்லாவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். படம் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளால் ஆகியிருக்கும். கறுப்பு எழுத்துகளும் கோடுகளும் புள்ளி இல்லாமல் ஒரே மையாக நிரம்பியிருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் பெரும்பாலும் எழுத்தும் புள்ளியாகச் சிதறும். கையில் அசல் ஒன்று இருந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிளெமென்ட்டே விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1998ல் டாப்ஸே இந்த 19 கார்டையும் மறுபதிப்பாகப் போட்டது. அது போலி இல்லை, ஆனால் பழைய கார்டும் இல்லை. இணையத்தில் முன்பக்கப் படத்தை மட்டும் போட்டிருந்தால் பின்பக்கப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இன்னும் பழைய கார்டுகளுக்கு, சிகரெட் கார்டுகளுக்கும் பபிள்கம்மோடு பாக்கெட்டில் வந்த 1933 கவுடி மாதிரிக் கார்டுகளுக்கும், புற ஊதா விளக்கு உதவும். அந்தக் காலத்துத் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் கிடையாது. நீல ஒளியில் கார்டு பளீரென்று வெள்ளையாக மின்னினால் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நிலை பற்றி என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. கிரேடிங் கம்பெனிகள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடித் தரும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் விலை பல மடங்கு தாவும். அந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மூன்று, நான்கு மதிப்பெண் கார்டுதான் சேர்க்கிறவனுக்கு ஏற்றது. முனை மழுங்கியிருக்கலாம், படம் நடுவில் அமையாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம், பின்பக்கத்தில் பபிள்கம் கறை இருக்கலாம். முகம் தெளிவாக இருக்க வேண்டும், தாள் உரிந்திருக்கக் கூடாது, யாரும் வண்ணம் தீட்டியிருக்கக் கூடாது. 1971 கார்டில் இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சுற்றிலும் கறுப்புக் கரை; தொட்டாலே ஓரம் உதிர்ந்து வெள்ளை தெரியும். கறுப்பு மார்க்கரால் அதைப் பூசி மறைத்து விற்கிறார்கள். கார்டைச் செங்குத்தாகப் பிடித்து அட்டையின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு அட்டை நிறத்தில் இருக்க வேண்டும். அதில் கறுப்பு ஊறியிருந்தால் பூசியிருக்கிறார்கள்.

பாதுகாப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மெல்லிய உறை, அதற்கு மேல் டாப் லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை. பழைய மென்மையான பிவிசி தாள்கள் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும், அவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். திருகு வைத்து இறுக்கும் பெட்டி கார்டை நசுக்கிவிடும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. 1952 செட்டில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. பையன்கள் எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டதில் அடிபட்டதெல்லாம் மேலே இருந்த அவர் கார்டுதான். அதனால் நல்ல நிலையில் ஒரு பாஃப்கோ கார்டு கிடைத்தால், எத்தனையோ நட்சத்திர ஆட்டக்காரர்களைவிட அதிக விலை. இந்த ஊர் வீடுகளில் அடித்தளம் ஈரம் கோக்கும் இடம். கார்டுகளை மாடி அலமாரியில் வையுங்கள்.

முழு வரிசையும் வேண்டாம், செலவு கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரு வேலை உண்டு. 1971 செப்டம்பர் 1 அன்று பிலடெல்பியாவுக்கு எதிராக பைரட்ஸ் மேலாளர் டானி மர்ட்டா களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பர்கள் அல்லது லத்தீன் அமெரிக்கர்கள். பெரிய லீக் (அமெரிக்காவின் உச்ச நிலைப் பேஸ்பால்) வரலாற்றில் அதுவரை அப்படி ஒரு அணி இறங்கியதில்லை. ரென்னி ஸ்டெனட், ஜீன் கிளைன்ஸ், கிளெமென்ட்டே, வில்லி ஸ்டார்ஜல், மானி சாங்கியேன், டேவ் கேஷ், ஆல் ஆலிவர், ஜாக்கி ஹெர்னாண்டஸ், டாக் எல்லிஸ். ஒன்பது பேருக்கும் 1972 டாப்ஸ் செட்டில் கார்டு இருக்கிறது. கடையில் விற்கும் ஆல்பம் தாளில் ஒன்பது பாக்கெட். பேட்டிங் வரிசைப்படி ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒருவரை வைத்தால் அந்த ராத்திரி ஆட்டத்தின் அணி அப்படியே ஒரு தாளில் வந்துவிடும். கிளெமென்ட்டே, ஸ்டார்ஜல் இருவரைத் தவிர மற்றவர்கள் கார்டு சில டாலர்தான். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தன் கைக்காசில் இந்தத் தாளைப் பூர்த்தி செய்திருக்கிறாள். ஐந்தாவது பாக்கெட்டில் இருக்கும் சாங்கியேன் யார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள்: பனாமாக்காரர், கிளெமென்ட்டேயின் உயிர் நண்பர், மற்ற ஆட்டக்காரர்கள் அஞ்சலிக்குப் போயிருந்தபோது கடலில் முங்கி அவரைத் தேடிக்கொண்டிருந்தவர்.

அந்த அணிதான் அந்த வருடம் உலகத் தொடரை, அதாவது பெரிய லீகின் இறுதிப் போட்டித் தொடரை, வென்றது. ஏழாவது ஆட்டம் முடிந்ததும் தொலைக்காட்சி கேமரா முன்னால் கிளெமென்ட்டே ஆங்கிலத்தில் பதில் சொல்வதற்கு முன், ஸ்பானிஷில் தன் பிள்ளைகளுக்கு ஆசி சொல்லி, பெற்றோரின் ஆசியைக் கேட்டார். எனக்கு 1972 கார்டைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

கார்டு இல்லாத ஆட்டக்காரர்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இதே பிட்ஸ்பர்க்கில் வளர்ந்து, கிராஃபோர்ட்ஸ், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிகளுக்கு ஆடிய ஜோஷ் கிப்சன், 1947 ஜனவரியில் இறந்தார். கறுப்பர்களைப் பெரிய லீகில் சேர்க்காத நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கியது அதே வருடம் ஏப்ரலில். கிப்சன் ஆடிய காலத்தில் அமெரிக்கப் பபிள்கம் கம்பெனிகள் கறுப்பர்கள் தனியாக ஆடிய கறுப்பர் லீகின் ஆட்டக்காரர்களுக்குக் கார்டு அடிக்கவில்லை. அவருக்குப் பேர் சொல்லும் கார்டு ஒன்று வந்தது அவர் இறந்தபின், 1950–51ல், புவெர்ட்டோ ரிக்கோவின் தொலெத்தெரோஸ் வரிசையில். குளிர்காலத்தில் அவர் போய் ஆடிய சான்டூர்சே அணியில்தான் பின்னாளில் கிளெமென்ட்டேயும் ஆடினார். 2024ல் கறுப்பர் லீக் புள்ளிவிவரங்களைப் பெரிய லீக் கணக்கில் சேர்த்தபோது வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் கிப்சனுக்கு, .372. அந்தக் கார்டு என் கைக்கு எட்டாதது. ஆல்பத்தில் அவர் பெயரை எழுதி ஒரு பாக்கெட்டை விட்டிருக்கிறேன்.

கடைசியாக 1955 கார்டு. எண் 164, அந்த செட்டின் கடைசிப் பகுதி. கிளெமென்ட்டேயின் முதல் கார்டு என்பதால் நைந்து போனதே ஆயிரம் டாலரைத் தொடும். இதை மட்டும் கிரேடிங் கம்பெனி மூடிய கூட்டோடுதான் வாங்க வேண்டும். கூட்டையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் கூட்டுக்குள் இருக்கும் சீட்டின் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் கையில் இருப்பதும் ஒரே கார்டுதானா என்று முனை முனையாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆல்பத்தில் வைக்க நினைத்தால், 1955, 1956 கார்டுகள் ஒன்பது பாக்கெட் தாளில் நுழையாது. எட்டு பாக்கெட் தாள் கேட்டு வாங்க வேண்டும். என்னிடம் இருப்பது மதிப்பெண் ஒன்று பெற்ற கார்டு. முகமும் வண்ணமும் நன்றாக இருக்கின்றன; மேல் ஓரத்தில் யாரோ ஒரு பையன் சுவரில் குத்தி வைத்திருந்த ஊசித் துளை. அந்தத் துளையால்தான் அது என்னால் வாங்க முடிந்த விலைக்கு வந்தது.